டப்வாலியின் ஜீப் பட்டறைகள்

பட்டிண்டா சந்திப்பிலிருந்து ஹனுமான்கர் செல்லும் ரயில் பாதையில் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் மண்டி டப்வாலி நிலையம் வரும். வழிநெடுகப் பருத்தியும் கோதுமையும் விளையும் சமவெளி. குன்றென்று ஒன்று கண்ணில் படாது. ஊரின் இருப்பிடம் சற்று விசித்திரமானது. டப்வாலி ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டிய கிலியான்வாலியோ பஞ்சாபின் முக்தசர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1966ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி ஹரியானா தனி மாநிலமானதால் இவ்விரண்டிற்கும் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. புதிதாகச் செல்பவருக்கு எந்தக் கடை எந்த மாநிலத்தில் நிற்கிறதென்று விளங்குவதில்லை.

கோட்டை கொத்தளங்களை நாடி இவ்வூருக்கு எவரும் வருவதில்லை. இதன் பெயர் வடநாட்டில் பரவியிருப்பது ஜீப்பினால். இராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட ஜீப்புகளை வாங்கி, எலும்பெலும்பாகப் பிரித்து, புதிய உடல் பூட்டி விற்கும் தொழில் இங்கே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கூரையில்லாத இவ்வண்டியை இப்பக்கத்தார் ‘லண்டி ஜீப்’ என்பர். வயலுக்குச் செல்லவும் அதுவே. மாப்பிள்ளை ஊர்வலத்திற்கும் அதுவே. வண்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு கௌரவம் என்று இளைஞர் கருதுகின்றனர். இந்த உயரத்தில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில், பட்டிண்டாவில் வசிக்கும் நம் தமிழன்பர் ஒருவருடன் அங்கே சென்றேன். திருநெல்வேலிக்காரர், நான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். அவர் வாங்கிய பழைய ஜீப் முன்னமே உயர்த்தப்பட்டு, பெரிய டயர்கள் பூட்டப்பட்டிருந்தது. குடும்பத்துடன் அமிர்தசரஸ் செல்லும் வழியில், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும், ஸ்டியரிங் இரு கைகளையும் உதறித் தள்ளுமாறு ஆடத் தொடங்கிற்றாம். “தம்பி, வண்டியின் முன்பக்கமே கழன்றுவிடும் என்று நினைத்தேன். பின்னால் இரண்டு பிள்ளைகளும் அலறுகிறார்கள்” என்றார். வண்டி ஏறக்குறைய நின்றபின்தான் ஆட்டம் ஓய்ந்தது. வழியில் ஒரு பட்டறையார் ஸ்டியரிங் டாம்பர் என்னும் அதிர்வடக்கியைப் பூட்டிப் பணம் வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் அமைதி. பிறகு பழைய கதைதான். மதினியோ, “பிள்ளைகளை இனி இதில் ஏற்றமாட்டேன்” என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாங்கள் இருவர் மட்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், டப்வாலி போய்ச் சேர்ந்தோம்.

பட்டறை மிஸ்திரி முதிய சீக்கியர். முதற்காரியமாக அந்த டாம்பரைக் கழற்றி எறிந்தார். “பாபுஜி, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தினால் காய்ச்சல் போகுமா?” என்றார். அடுத்து அவர் கேட்ட கேள்வியே பாதி வைத்தியம் என்று எனக்குத் தோன்றியது. ஆட்டம் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தானாக வந்து, அதைக் கடந்ததும் போய்விடுகிறதா? அல்லது மேடுபள்ளத்தில் இடித்தபின் கிளம்பி, வேகம் தணியும்வரை நிற்க மறுக்கிறதா? முன்னதாயின் டயரின் எடைச் சமநிலையையோ, கோணலான ரிம்மையோ பார்க்கவேண்டும். பின்னதாயின் முன்னச்சில் எங்கோ தளர்ச்சி, அல்லது சாய்வுக் கோணத்தில் பிழை.

நான்கு சக்கரமும் தரையில் நிற்க, பையன் ஒருவன் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டிருந்தான். மிஸ்திரி அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். கண்ணுக்குப் புலப்படாத அசைவு விரலுக்குப் புலப்படுமாம். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் நடுவே பெல் கிராங்க் என்று ஒரு முழங்கை உண்டு, அது தேய்ந்திருந்தது. இடப்புற டை ராட் முனையும் அவ்வாறே. பின்பு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். ‘டக் டக்’ என்றது. உடனே பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் அசைத்தார். பிரேக் பிடித்ததும் அசைவு மறைந்தால் குறை சக்கர பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னில். இங்கே மறையவில்லை.

கடைசியாகச் சாய்வு. சைக்கிளின் முன்கவை நிமிர்ந்து நில்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை யாவரும் பார்த்திருப்போம். கையை விட்டாலும் சக்கரம் நேரே ஓட அது உதவுகிறது. வில்லிஸ் ஜீப்பின் முன்னச்சிற்கு விதித்த சாய்வு 3 பாகை. அதில் வில்பட்டையின் முன்முனையில் தொங்கும் ஷேக்கிளை நீட்டி உயரம் கூட்டியிருந்தார்கள். அதனால் அச்சு முன்புறம் புரண்டு சாய்வு ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. போதாததற்குக் கனமான டயர்கள் வேறு. தளர்ந்த மூட்டு, குறைந்த சாய்வு, மிகுந்த கனம் மூன்றும் கூடினால் ஓர் இடி போதும். ஆட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

ரயில்வேயில் இருக்கும் நமக்கு இந்நோய் முற்றிலும் புதிதன்று. நம் அகலப் பாதை வண்டிகளின் சக்கரங்கள் 20க்கு 1 என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டவை. பாதையின் நடுவை நாட உதவும் அதே கூம்பு, வேகம் ஓர் அளவைத் தாண்டினால் வண்டியை இருபுறமும் அலையவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ‘வேட்டை’ என்று பெயர். அவ்வலைவின் நீளத்தைக் கிளிங்கல் என்னும் ஜெர்மானியர் 1883ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுவிட்டார். என் வேலை மேசையோடு சரி. எனினும் பட்டறைக் கூட்டாளிகள் பேசக் கேட்டதை மிஸ்திரியிடம் சொன்னேன். “அப்படியானால் உங்கள் எஞ்சினுக்கும் கிங் பின் போட்டுத் தரட்டுமா?” என்று சிரித்தார்.

வைத்தியத்திற்கு இரு வழிகள் சொன்னார். உயரத்தை வைத்துக்கொண்டு, அச்சிற்கும் வில்பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு செருகிச் சாய்வை மீட்பது ஒன்று. ஆனால் சாய்வை மிகுத்தால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும். பழைய ஷேக்கிளையும் பழைய அளவு டயரையும் பூட்டி வண்டியை இறக்கிவிடுவது மற்றொன்று. அண்ணாச்சி தயங்கவில்லை, இறக்கிவிடச் சொன்னார். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் விதித்த அமைப்பினின்றும் பதிவு விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இத்தகைய மாற்றங்களைத்தான்.

கிங் பின் பேரிங்குகள் புதிதாயின; மெல்லிய தகடுகளில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டு இறுக்கினார். டை ராட் முனையும் பெல் கிராங்க் புஷ்ஷும் மாற்றப்பட்டன. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வில்பட்டையின் யு போல்ட்டுகளை மீண்டும் இறுக்கவேண்டும் என்று இருமுறை எச்சரித்தார். ஓட்டத்தில் ஆட்டம் கண்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கலாகாது; ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, வேகத்தைத் தானே தணியவிடவேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி அதே பாலத்தின் மேல் மூன்று முறை தனியே ஓட்டிப் பார்த்தார். வண்டி ஆடவில்லை. நான்காம் முறை தாமே பக்கத்தில் அமர்ந்து பார்த்தபின்தான் மதினி பிள்ளைகளை ஏறச் சொன்னார்கள்.