சாயம் போன சேதக்

நங்கநல்லூர் தெருக்களில் காம்பவுண்டு சுவரோரம் நிற்கும் பழைய பஜாஜ் சேதக்குகளைப் பார்த்திருப்பீர்கள். 1972-ல் அறிமுகமான வண்டி. சிவப்பாக வாங்கியது இன்று வெளுத்த ரோஸ்! தொட்டால் சாக்பீஸ் மாதிரி கையில் ஒட்டும். "பெயிண்ட் போச்சு, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்பார்கள்.

ஆனால் பெயிண்ட் போய்விடவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து பொடியாக்கியது மேல்படலத்தை மட்டும்தான். அடியில் பழைய சிவப்பு பத்திரமாக இருக்கும். வண்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நிறுத்தி, பருத்தித் துணியில் ரப்பிங் காம்பவுண்டைத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். துணி சிவந்தால் பயப்பட வேண்டாம், செத்த படலம்தான் கழன்று வருகிறது. பிறகு பாலிஷ், கடைசியில் மெழுகு.

இரண்டு இடத்தில் இது பலிக்காது. துரு தெரிந்தால் உப்புத்தாள், பிரைமர், புதுப் பெயிண்ட்தான் வழி. புது வண்டிகள் பலவற்றில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் இருக்கும். அது உரிந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வராது.

காமர்ஸ் கணக்கில் சொன்னால், தேய்ப்பது மூலதனத்தில் கைவைப்பது மாதிரி. ஒவ்வொரு முறையும் பெயிண்ட் மெலிகிறது. விளிம்புகளில் சீக்கிரமே இரும்பு தெரியும். ஒரு தடவை தேய்த்துவிட்டு, அப்புறம் மெழுகு பூசிக் காப்பாற்றுவதுதான் லாபம்.