கடைக்கோடி வயலுக்கு யார் பொறுப்பு?

கடல் கடந்த மடல்: லெய்டன், நெதர்லாந்து

1997ஆம் ஆண்டுச் சிறுபோகம். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டம் தாழ்ந்து கிடந்தது. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் நெல் விதைக்கப் போதிய தண்ணீர் இல்லை என்று விவசாயிகளிடம் சொல்லிவிட்டார்கள். கல்முனைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அதற்கடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். மேலே இருப்பவர் மடையைத் திறப்பார். கீழே இருப்பவர் வெடித்த வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நடுவில் இருப்பவர்கள் இரவில் மண்வெட்டியோடு வாய்க்கால் வரம்பில் சண்டை பிடிப்பார்கள். அந்தப் போகத்தில் அப்படி நடக்கவில்லை. 65,000 ஏக்கரில் வேளாண்மை செய்தார்கள். வழமையைவிட நல்ல விளைச்சலும் எடுத்தார்கள்.

வாய்க்காலின் மேற்பகுதியில் இருந்தவர்கள் சிங்கள விவசாயிகள். கீழ்ப்பகுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மேலே இருந்தவர்கள் தங்கள் வயலுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போகவிட்டார்கள் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் அப்ஹொப்பும் இலங்கை ஆய்வாளர் சி. எம். விஜயரத்னவும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் இதை எழுதினார்கள். நீர் நிர்வாகம் படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள் பலருக்குக் கல்லோயா தெரிந்த பெயர். அதே ஆற்றைப் பட்டிப்பளை ஆறு என்று சொல்லிக்கொண்டு, அதன் நீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்த கரையோர ஊர்களில் அந்தக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இந்த மடல்.

கதை 1997இல் தொடங்கவில்லை. கல்லோயா அணைக்கட்டு வேலை 1949இல் ஆரம்பமானது. சுதந்திர இலங்கையின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அது. முப்பது ஆண்டுகளுக்குள் அதன் இடதுகரை சீரழிந்துபோனது. மதகுக் கதவுகள் பல உடைந்து கிடந்தன. ஆண்டுக்கணக்காகத் துப்பரவு செய்யப்படாத வயல் வாய்க்கால்களில் புல் மண்டியிருந்தது. அதிகாரிகள் விவசாயிகளைக் குறை சொன்னார்கள், விவசாயிகள் அதிகாரிகளைக் குறை சொன்னார்கள். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்ட் புனரமைப்புக்குப் பணம் தந்தபோது, சீமெந்தும் கல்லும் மட்டும் போதாது, வாய்க்காலைப் பாவிக்கும் மனிதர்களையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பு கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்துக்கும் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. கல்லோயாவில் பத்துப் பதினைந்து விவசாயிகளை ஒன்றாக வேலை செய்ய வைத்தாலே அது பெரிய சாதனைதான் என்று அதிகாரி ஒருவர் அவர்களிடம் சொன்னாராம்.

1981இல் இளம் பட்டதாரிகள், ஆண்களும் பெண்களுமாக, அமைப்பாளர்கள் என்ற பெயரில் வயற்புற ஊர்களுக்குப் போய்க் குடியிருந்தார்கள். கட்டளையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பங்கிட்டுக் கொடுக்கப் பணமும் இல்லை. வீடு வீடாகப் போய், வயல் வரம்பில் உட்கார்ந்து, ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: அரசாங்கம் வரும்வரை காத்திராமல் நீங்களே தீர்த்துக்கொள்ளக்கூடிய பிரச்சினை இந்த வாய்க்காலில் எது?

இவர்கள் எடுத்துக்கொண்ட ஒழுங்குதான் இந்த விவகாரத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது. நமது வழக்கத்தில் முதலில் கூட்டம், அதில் தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு, பிறகு யாப்பு, பிறகு பெயர்ப்பலகை. வேலை அதற்குப் பிறகு வரும், சில வேளை வராமலும் போகும். கல்லோயாவில் வேலை முதலில் வந்தது. ஒரு வயல் வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பத்து முதல் இருபது விவசாயிகள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்பரவு செய்தார்கள். பிறகு முறைத் தண்ணீர் வைத்தார்கள். பிறகு, மிஞ்சிய நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டார்கள். இவ்வளவும் நடந்தபின்தான் தங்களுக்குள் ஒருவரைப் பிரதிநிதியாகத் தெரிந்தார்கள். வாக்கெடுப்பு வைக்கவில்லை, எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசினார்கள். வாக்கெடுத்தால் தோற்ற பக்கம் ஒன்று உருவாகும், அந்தப் பக்கம் அடுத்த சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வராது.

யாரைத் தெரிவது என்பதும் அப்போது மயக்கமில்லாமல் தெரிந்திருந்தது. சேற்றில் முதலில் இறங்கியவர் யார், தன் முறை முடிந்ததும் வக்கடையை அடைத்தவர் யார், கோபக்காரர் இருவரைப் பேச்சால் பிரித்துவிட்டவர் யார் என்பதைச் சில வாரங்களாக எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பேச்சு வல்லவரும் கட்சிக்காரரும் தாமாக முன்வரிசைக்கு வரும் வழி அங்கே குறுகிப்போனது. பிரதிநிதிக்குச் சம்பளம் இல்லை. மேல்மட்டக் கூட்டத்துக்குப் போனால் திரும்பி வந்து தன் வாய்க்கால்காரர்களிடம் என்ன பேசப்பட்டது என்று சொல்ல வேண்டும்.

1981ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலும் குளத்தில் நீர் மிகக் குறைவாகவே இருந்தது. பஞ்ச காலத்தில் யாராவது அடுத்தவனுக்குத் தண்ணீர் விடுவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள், சில வாரங்களுக்குள், அமைப்பாளர்கள் முதலில் போன பகுதியின் பெரும்பாலான வாய்க்கால்களில் துப்பரவும் முறைத் தண்ணீரும் நடப்பதைக் கண்டார்கள். பிற்காலத்தில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எலினோர் ஒஸ்ட்ரம், பொதுச் சொத்துகளை மக்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று 1990இல் எழுதிய நூலில் கல்லோயாவையும் சேர்த்துக்கொண்டார்.

இவை எதுவும் நமது கரைக்கு முற்றிலும் புதியவை அல்ல. கரவாகு வட்டையிலும் சம்மாந்துறை வயல்களிலும் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்த்தவர் வட்டைவிதானை. அவருக்கான கூலி அறுவடையில் ஒரு பங்காகக் கிடைத்தது. கடைசி வயலில் வேளாண்மை கருகினால் அவருடைய பங்கும் குறையும். அதனால் அவர் கால்கள் தாமாகவே வாய்க்காலின் அந்தத்துக்குப் போயின. போடியாரின் நிலத்தில் ஆட்களைத் திரட்டி, அவர்களோடு தானும் வயலில் இறங்கிய முல்லைக்காரன் இன்னொரு வகைத் தலைவர். இதையெல்லாம் பொற்காலமாகப் பாட முடியாது. போடியாருக்கும் வயற்காரருக்கும் இருந்த தூரம் பெரிது. வட்டைவிதானைகள் சிலர் பெரிய நிலக்காரர் பக்கம் சாய்ந்தார்கள். 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் நீர்ப்பாசன விதானைகளின் இடத்தில் விவசாயிகள் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். குழுக்களை எழுத்தில் உண்டாக்குவது எளிதாக இருந்தது. வட்டைவிதானை நடந்த அந்தத் தூரத்தை யார் நடப்பது என்பதைச் சட்டத்தில் எழுத முடியவில்லை.

இந்த மடல் எழுதப்படும் லெய்டன் நகரத்தில் ரைன்லாந்து நீர்ச்சபையின் தலைமையகம் இருக்கிறது. 1255ஆம் ஆண்டிலேயே பதிவுபெற்ற சபை அது. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்தில் கால் நனையாமல் வாழ்வதற்காக, நாடும் பாராளுமன்றமும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இந்த மக்கள் ஊருக்கு ஊர் நீர்ச்சபை அமைத்துக்கொண்டார்கள். 1953 பெப்ரவரி முதலாம் திகதி கடல் அணைகளை உடைத்து 1,836 பேரைக் கொன்ற காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சபைகள் இருந்தன. அவற்றை இணைத்து இணைத்து இப்போது 21 ஆக்கியிருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டவருக்கும் வாக்கு உண்டு. கிழக்கிலங்கையிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் பாராளுமன்றத்துக்கு வாக்களிக்க முடியாத காலத்திலும் வாய்க்காலுக்காக வாக்களிக்கலாம் என்பது நெஞ்சைத் தொடும் ஏற்பாடு.

இலையுதிர் காலத்தில் நீர்ச்சபையின் பார்வையிடல் நடக்கும். காணியோரம் ஓடும் வாய்க்காலைப் புல் பூண்டில்லாமல் வைத்திருப்பது காணிக்காரரின் கடமை. செய்யாவிட்டால் சபை செய்துவிட்டுச் செலவை அவரிடம் வாங்கும். பெரிய பண்ணைக்காரர், சிறிய தோட்டக்காரர் என்று வேறுபாடு இல்லை. நீர்ச்சபைத் தலைவரின் பெயர் தெரியாத டச்சுக்காரர்கள் ஏராளம். அவர்களுடைய வாய்க்கால் மட்டும் நேரத்துக்குத் துப்பரவாகிவிடுகிறது. ஒரு குழு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்கு அதன் தலைவரின் புகழை அளவுகோலாக எடுப்பவர்கள், எண்ணூறு ஆண்டுகளை எட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சபையை எந்தக் கோலால் அளப்பார்கள்?

நமது கரையில் ஆட்கள் ஒன்றுசேரும் வல்லமைக்குக் குறைவே இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எங்கும் மையித்துகளைத் தூக்கியவர்களையும் கபுறு வெட்டியவர்களையும் பள்ளிவாசல் முற்றங்களில் சோறு சமைத்தவர்களையும் யாரும் நியமிக்கவில்லை. வேலை முன்னால் கிடந்தது, கைகள் வந்தன. யார் சொல்லை எல்லாரும் கேட்டார்களோ அவர் அந்த இடத்துக்குத் தலைவர், அவ்வளவுதான். வாரங்கள் போய் நிவாரணப் பொருள் லொறிகளில் வரத் தொடங்கியபோது பட்டியல்களும் பதவிகளும் வந்தன, கூடவே மனக்கசப்புகளும் வந்தன. அந்த நாட்களை வாழ்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று ஊரில் ஒரு விளையாட்டுக் கழகத்தையோ ஜனாஸா நலன்புரிச் சங்கத்தையோ விவசாய அமைப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக நடக்கும் இடங்களில் பெரும்பாலும் ஒரு நல்ல மனிதர் இருப்பார். அலுமாரித் திறப்பு அவரிடம், வங்கிப் புத்தகம் அவரிடம், கொழும்பில் யாரைப் பிடிக்க வேண்டும் என்ற விபரமும் அவரிடம். ‘காக்காக்கிட்டக் கேளுங்க’ என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் பதில். காக்கா உழைப்பாளி, நேர்மையானவர், தன் காசையும் போடுகிறவர். அவர் நோயில் விழுந்தாலோ கட்டாருக்குப் போனாலோ சங்கம் படுத்துவிடும். அந்த நல்ல மனிதரைக் குற்றம் சொல்ல மனம் வராது. ஆனால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஆண்டுக்கணக்காக எதையும் கற்றுக்கொள்ளாமல் இருந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. தானே செய்தால் விரைவாக முடியும் என்று அவர் செய்த ஒவ்வொரு வேலையும் இன்னொருவர் பழகியிருக்க வேண்டிய வேலை.

கல்லோயா அமைப்பாளர்களின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அவர்களுடையது தற்காலிக வேலை. அரசாங்கத்தில் ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். திட்டத்தை நடத்தியவர்களுக்கு அது பெரும் கவலையாக இருந்தது. ஓர் அமைப்பாளர் விவசாயிகளோடு நெருக்கமாகிப் பழகும் நேரத்தில் அவரை இழக்க வேண்டியிருந்தது. யூ.எஸ்.எய்ட் திட்டமும் 1980களின் நடுப்பகுதியில் முடிந்துவிட்டது. இதற்கிடையில் போரும் வறட்சியும் வந்தன. அப்படியிருந்தும் 1997இல் வாய்க்கால் ஓரத்தில் முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அமைப்பாளர்கள் தங்களை நம்பி எதையும் நிற்க வைக்கவில்லை, வயற்காரர்கள் ஒருவரை ஒருவர் நம்பும்படி விட்டுவிட்டுப் போனார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் செய்யக்கூடிய உயர்ந்த தலைமை அதுவென்றே இந்த மடல்காரர் நினைக்கிறார்.

1991இல் கமநல சேவைச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் விவசாய அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. அது நல்லது, தேவையானதும்கூட. பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம், வாய்க்கால் திருத்த ஒப்பந்தம் எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தப் பணம் வரும் நாளில் தலைவர் பதவியின் நிறமும் மாறுகிறது. சேற்றில் இறங்குவதற்காகத் தெரியப்பட்டவரின் நாற்காலிக்கு, கையெழுத்து வைப்பதற்காக வருகிறவர்கள் போட்டியிடத் தொடங்குகிறார்கள். அதைத் தடுக்க இன்னொரு சட்டம் தேடுவதைவிட, பழைய ஒழுங்கை மீட்டுக்கொள்வது நல்லது: முதலில் துப்பரவு, பிறகு தெரிவு.

அடுத்த சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டத்துக்கு ஊர் ஊராக ஆட்கள் போவார்கள். அதிகாரிகளும் பொறியியலாளர்களும் மேசையில் இருப்பார்கள், முன்வரிசையில் வழமையான முகங்கள் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு சிறிய மாற்றங்களை இங்கிருந்து முன்மொழியலாம். ஒவ்வொரு அமைப்பும் தலைவரோடு இன்னொருவரையும், முடிந்தால் முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரையும், கூட்டிச் செல்லட்டும். திரும்பி வந்து வாய்க்கால்காரர்களுக்கு நடந்ததைச் சொல்லும் பொறுப்பை அந்த இளையவரே ஏற்கட்டும். மற்றது, தண்ணீர் திறக்கும் திகதியைப் பற்றிப் பேச்சைத் தொடங்கும்போது, வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவரை முதலில் பேசவிடட்டும். எந்த நாளில் மடையைத் திறந்தால் எந்த நாளில் தன் வரம்புக்கு நீர் வந்து சேரும் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.