தாயைக் காட்டாத வியாபாரம்

மைசூரானாலும் மதுரையானாலும், கண்ணாடிக் கூண்டுக்குள் வாலாட்டும் குட்டியைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? கடைக்காரரின் முதலே அந்த இளக்கம்தான்.

எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017-இல் வந்த மத்திய அரசின் விதிகள். 2018-இலிருந்து கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்வதும் கட்டாயம். ஆனால் குட்டியின் வயதைச் சொல்பவர் விற்பவர்தானே! ஈன்ற தாய் எங்கே, இது எத்தனையாவது ஈற்று? வாங்குபவர் கேட்பதில்லை. இங்கிலாந்து 2020-இல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை வளர்ப்பவர்தான் விற்கலாம், அதுவும் தாயோடு காட்டி. பிரான்சில் 2024 முதல் கடைகளில் நாய், பூனை விற்பனையே கிடையாது.

இங்கே தடை போட்டால் வியாபாரம் கொல்லைப்புறத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். போகட்டும். அங்கேயாவது தாய் கட்டிக் கிடப்பது வாங்குபவர் கண்ணில் படும்.