கடலடி ஏடுகளும் மலையடி லயங்களும்

வீடியோ விளையாட்டு என்றதும் நம் இல்லங்களில் பெற்றோர் முகம் சுளிப்பது வழக்கம். கண் கெடும், பாடம் கெடும், தமிழ் கெடும் என்பன சங்கக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் குறைகள். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அவ்விளையாட்டுக்களுட் சில தம்முள் ஒரு கதையை ஒளித்து வைத்திருக்கின்றன என்பதையும், அக்கதை மேற்பூச்சைக் காட்டிலும் மிகவும் இருண்டது என்பதையும் பெரியவர்களுள் அறிந்தோர் சிலரே.

நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் ஆடுவது 'ஸ்பிளாட்டூன்' என்னும் தொடர். ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ அதன் முதற் பாகத்தை 2015-லும், இரண்டாவதை 2017-லும், மூன்றாவதை 2022-லும் வெளியிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் ஹோலிப் பண்டிகைதான். பக்கத்துக்கு நால்வராக இரண்டு அணிகள். மூன்று நிமிட நேரம். தம் வண்ண மையைத் தரையில் மிகுதியாகப் பூசியவர் வென்றவர். ஆடுவோர் மனிதரல்லர். மனிதக் குழந்தைகளைப்போல் ஓடித் திரிந்து, வேண்டும்போது கணவாய் மீனாக மாறி மைக்குள் நீந்தும் ஓர் இனத்தார்.

இந்த அளவோடு நின்றுவிடுவோர்க்குக் கதை தெரியாது. தனித்து ஆடும் பகுதியில் கட்டந்தோறும் ஓர் ஏடு மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. முதற் பாகத்தில் அத்தகைய ஏடுகள் 27. அவற்றைத் தேடாமலே ஆட்டத்தை முடித்துவிடலாம்; பலரும் அப்படித்தான் முடிக்கின்றனர். தேடி எடுத்து வாசித்தால் தெரிவது இது: 12,000 ஆண்டுகளுக்கு முன் கடல் பொங்கி மனித இனம் அழிந்தது. பின்னர்க் கடலுயிர்கள் கரையேறி நகரம் சமைத்தன. மீண்டும் கடல் ஏறவே நிலம் குறுகியது. எஞ்சிய நிலத்துக்காகக் கணவாய் மக்களும் ஆக்டோபஸ் மக்களும் பொருதனர். தோற்ற ஆக்டோபஸ் மக்கள் பூமிக்கு அடியிற் சென்று செயற்கை வானத்தின்கீழ் வாழ்கின்றனர். அங்கு மின்சாரம் தட்டுப்பாடு. ஆகவே மேலுலகுக்கு மின்சாரம் தரும் பெரிய மீனைக் களவாடுகின்றனர். அதை மீட்டு வருவதுதான் ஆடுபவரின் பணி. மேலே வென்றவர் வீட்டு விளக்கு எரிய, கீழே தோற்றவர் வீட்டு விளக்கு அணைகிறது. இதை விளையாட்டு வாய்விட்டுச் சொல்வதில்லை. பொறுக்கிச் சேர்ப்பவன்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கடல்கோள் நமக்குப் புதிய செய்தியன்று. இறையனார் களவியல் உரையும் சிலப்பதிகாரமும் கடல் கொண்ட நாட்டைப் பேசுகின்றன. ஆக்டோபஸுக்குத் தமிழிற் பேய்க்கணவாய் என்றும் ஒரு பெயருண்டு. தோற்றவனைப் பேயாக்குவது எல்லா மொழிக்கும் எளிது போலும்!

2018-ல் வந்த இரண்டாம் பாகத்தின் இணைப்பு இன்னும் கொடியது. அதில் ஆடுபவரே ஓர் ஆக்டோபஸ் பிள்ளை. நினைவிழந்து பாதாளத்திற் கிடக்கும் பிள்ளை. பழைய தொலைபேசி ஒன்று பேசுகிறது: சோதனைகளைத் தேறினால் நல்ல நாடு சேரலாம் என்கிறது. தேறியவர்கள் சென்று சேருமிடம் ஓர் அரைவை இயந்திரம். மனித அறிவைத் தக்க வாரிசிடம் ஒப்படைக்கும்படி அறிஞர் ஒருவர் பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்து வைத்த பொறியே, எவரும் தக்கவரல்லர் என்று தீர்ப்பளித்து இக்கொலைத் தொழிலை நடத்துகிறது. அதன் கணக்கில் அப்பிள்ளைக்குப் பெயரில்லை. எண் 10,008 மட்டுமே. பிள்ளை தப்பி மேலே வந்து நகரத்தாரோடு கலந்துவிடுகிறது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்பாரில்லை.

சென்ற விடுமுறையில் நாம் பொன்முடிக்குச் சென்றபோது இவ்விளையாட்டும் உடன் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாக, எண்ணிட்ட 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினோம். உச்சி ஏறத்தாழ 1,100 மீட்டர். விதுரையில் நம் தந்தையாரின் தமக்கை, எண்பதைக் கடந்த அத்தை, மகன் வீட்டில் இருக்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டோம்.

வழியில் வண்டியோட்டி ஒரு பேய்க்கதை சொன்னார். விதுரையிலிருந்து பிரியும் வேறொரு சாலை போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. அங்குள்ள பழைய துரை பங்களாவில் இறந்துபோன வெள்ளைக்காரச் சிறுமியின் ஆவி உலவுகிறதாம். ஊரெங்கும் பரவிய கதை இது; இதற்காகவே இரவில் அங்குச் செல்லும் இளைஞர்கள் உண்டு. தேயிலை ஆலை நின்றுபோனதையும், நின்ற பின்னும் லயங்களிற் கூலிக் குடும்பங்கள் ஒழுகும் கூரையின்கீழ்த் தங்கியிருந்ததையும் பார்க்க எவரும் இரவில் வண்டி பிடிப்பதில்லை.

உச்சியில் மூடுபனி இறங்கியது. ஒரு பாகம் தொலைவுகூடத் தெரியவில்லை. விடுதி அறையில் முடங்கினோம். மகள் கையிலிருந்த திரையில் ஏடு ஒன்றைக் காட்டி, தோற்றவர் கதையை ஆச்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"கீழே போனவுக மறுபடி மேலே வந்தா, அவுக பேரை யாரும் கேக்கலியாக்கும்?" என்றார்.

"இல்லை ஆச்சி. அதுக்கு நம்பர்தான்."

"எங்க அய்யாவுக்கும் நம்பர்தான் தாயி."

நாம் திடுக்கிட்டோம். நம் பாட்டனார் இம்மலைத் தொடரில் ஒரு தோட்டத்திற் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் என்றே தந்தையார் சொல்லி வந்தார். திருமணப் பேச்சுக்களிலும் அப்படியே சொல்லப்பட்டது. அத்தை சொன்னது வேறு. 1930-களிற் பஞ்சம் பிழைக்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியே நடந்து வந்தவர் அவர். கணக்கு எழுதியவரல்லர், கணக்கில் எழுதப்பட்டவர். அத்தை பிறந்தது லயத்தில். பத்தடி அறையில் இரண்டு குடும்பம். முன்பணம் அடையவேயில்லை. அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்தம் போக ஆண்டு முடிவிற் கடனே மிஞ்சியது. அத்தைக்கு ஒரு தம்பி இருந்தானாம்; காய்ச்சலில் மூன்று வயதில் இறந்தான். அவனை ஓடைக்கரையிற் புதைத்துவிட்டு, அதே மாதம் ஓர் இரவில், விளக்கில்லாமல் கல்லாற்றங்கரைக்கு இறங்கி ஓடிவந்தனர். நம் தந்தையார் அப்போது தாயின் வயிற்றில்.

"குழந்தைகள் முன்னிலையில் இது வேண்டுமா, அத்தை?" என்று நம் மனைவியார் மெல்லத் தடுத்தார். அதில் நியாயமும் இருந்தது. மகனுக்கு வயது ஒன்பது. அன்றிரவு அவன் உறங்க நேரமாயிற்று. ஆனால் அரைவை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த கதையைப் படித்துவிட்டு நன்றாக உறங்கும் பிள்ளைதான் அவனும். மடிந்தவன் தன் பெரிய தாத்தா என்பதுதான் வேறுபாடு.

தோட்டத்து வாழ்வை உலகறிய எழுதியவர் இல்லாமலில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை 1969-ல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். இயக்குநர் பாலாவின் 'பரதேசி' படம் 2013-ல் அதைத் தழுவியே வந்தது. நாமும் அப்படத்தைப் பார்த்தோம். யாரோ ஒருவர் கதை என்றே பார்த்தோம். தந்தையாரும் நம்மோடு அமர்ந்து பார்த்தார். பாதியில் எழுந்து சென்று வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அவர் மறைத்ததைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பெண் கேட்கப் போன இடங்களில் லயம் என்ற சொல்லுக்கு என்ன விலை இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். நகரத்தில் யாரும் கேட்காதவரை சொல்லாமலிருப்பது, வந்தேறியவர் எல்லோருக்கும் கைவந்த கலைதான். நம் சங்கத்து உறுப்பினர் வீடுகளிலும், மலாயாவோ இலங்கையோ பர்மாவோ என்று ஊர்தான் மாறுமேயன்றி, இத்தகைய கணக்கப்பிள்ளைகள் சிலராவது இருக்கக்கூடும்.

மறுநாட் காலை பனி விலகியது. தொலைவில் பொதியம் நீலமாகத் தெரிந்தது. அத்தை அதைப் பார்க்கவில்லை. எதிர்ச்சரிவில் ஓடை எது என்றே தேடினார். அவர் தேடிய தோட்டம் அங்கிருந்து தெரியாது என்று பின்னர் அறிந்தோம்.

மகள் விடுதியின் கடிதத் தாளில், தனக்கு வந்த தமிழில், ஆச்சி சொன்னவற்றை எழுதியிருந்தாள். தலைப்பில் 28 என்று எண்ணிட்டிருந்தாள். திரும்பும் வழியில், பன்னிரண்டாம் வளைவருகே வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தியபோது, அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினாள். அத்தை கண்ணை மூடிக் கேட்டு, ஓரிடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். முன்பணம் பன்னிரண்டு ரூபாய் அன்று, பதினைந்து. அதை அடித்துத் திருத்திய பிறகே வண்டியில் ஏறினார்.