கரம்பை மண்ணும் ஒரு புறநானூற்றுப் பாட்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில், சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே இருந்த எங்கள் கரிசல்காட்டு ஊருக்கு விடியுமுன் இருட்டிலேயே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்துவிடும். ஆரன் சத்தம் கேட்பதற்கு முன்பாகவே ஏஜெண்டு வீடுவீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வருவார். அம்மா அக்காவைத் தூக்கி உட்கார வைப்பாள். தூக்கம் கலையாமலே அக்கா தலையைக் கொடுக்க, நாலு இழுப்பில் சடை பின்னி முடிந்துவிடும். தூக்குவாளியில் பழைய சோறும் வெங்காயமும். என்னைவிட மூன்று வயது மூத்தவள் அக்கா. மூன்றாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. வீட்டில் ஒரு பிள்ளையாவது படிக்கட்டும் என்று பேச்சு வந்தபோதே, அது ஆம்பளப்பிள்ளையாக இருக்கட்டும் என்பதும் சேர்ந்தே முடிவாகிவிட்டது.

ஆபீஸில் அவளுக்குக் கட்டை அடுக்கும் வேலை. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரக்கட்டைகள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி விழ வேண்டும். ஒரு வரி நிறைந்ததும் அதன்மேல் அடுத்த கட்டை. சட்டம் நிறைந்தால் இறுக்கிப் பூட்டி மருந்து முக்கப் போகும். முடித்த சட்டத்துக்குத்தான் கூலி. உட்கார்ந்திருந்த நேரத்துக்கு இல்லை. அதனால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவும் யோசிப்பார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்பும் அக்கா, சாப்பிட்டதும் அம்மாவோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். மைதாப் பசை காய்ந்த அவள் விரல்கள் எப்போதும் சொரசொரப்பாகவே இருந்தன.

எங்கள் பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வானம் பார்த்த பூமி அது. பருத்தியும் கம்பும் பொய்த்த வருடங்களில் அடுப்பை எரிய வைத்தது தீப்பெட்டிதான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த, ஈரமில்லாத காற்று அந்தத் தொழிலுக்குத் தோதாக அமைந்தது. பின்னால் பட்டாசு வந்தது, அச்சாபீஸ் வந்தது. ஊர்கள் பிழைத்தன. பெரியவர்களின் பிழைப்பாக இருக்கவேண்டியதில் பிள்ளைகளின் விரல்களும் மாட்டிக்கொண்டன.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் மருந்தில் முக்கிய கட்டை காயாது. சில நாள் ஆபீஸுக்கு லீவு விடுவார்கள். அந்த நாட்களில்தான் எனக்கு அக்கா கிடைப்பாள். கண்மாய் நிறைந்து கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். கிளையில் தொற்றி ஏறி, பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தொபுக்கடீர் என்று மடைப்பக்கத்து ஆழத்தில் குதிப்பாள். மூச்சுப் பிடித்து அடிவரை போய் ஒரு கை கரம்பை மண் அள்ளிவந்து காட்ட வேண்டும். அடி தொட்டதற்கு அதுதான் சாட்சி. அள்ளிவந்த கரம்பையைத் தலையில் அப்பிக்கொண்டு அவள் சிரிப்பாள். மழை விட்ட மறுநாள் பஸ் வந்துவிடும்.

பத்தாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா பாடத்துக்கு வெளியே ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தார். புறநானூற்றின் 243-ஆம் பாட்டு. பாடிய புலவரின் இயற்பெயர் தெரியாததால், பாட்டில் அவர் சொன்ன ஊன்றுகோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வழங்குகிறது. தடி ஊன்றி, உடல் நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் ஒரு கிழவர் தன் சிறுவயதை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியதும், பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும் நினைவுக்கு வருகின்றன. வஞ்சகமோ ஒளிவு மறைவோ அறியாத கூட்டாளிகளோடு, தண்ணீர்மேல் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்க, ஆழ மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்த நாளை நினைக்கிறார். அந்த இளமை இப்போது எங்கே போனது என்று கேட்கிறார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் எங்கள் அக்காவைப் பார்த்து எழுதியது போலிருந்தது. அன்று ராத்திரி பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அவளிடம் பாட்டைச் சொல்லி அர்த்தமும் சொன்னேன். கை நிறுத்தாமல் கேட்டாள். மணல் அள்ளிய இடத்தில் சிரித்தாள். பிறகு, "ஒளிவு மறைவே தெரியாதாமாடா அந்தப் பிள்ளைகளுக்கு?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"எங்களுக்கு ஆபீஸ்ல மொத நாளே சொல்லிக்குடுத்தது அதைத்தான். ஆரு வந்து கேட்டாலும் பதினாலுன்னு சொல்லணும். ஆபீசர் ஜீப்பு வந்தா சின்னஞ்சிறுசுகளப் பின்வாசல் வழியா காட்டுக்குள்ள பத்தி விட்ருவாக. எட்டு வயசுல எனக்குப் பதினாலு. பதினாலு வயசுலயும் எனக்குப் பதினாலுதான்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தாத்தாவுக்கு நெனச்சு அழுறதுக்காவது ஒரு காலம் இருந்திருக்கு" என்றாள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே பதினான்கு நிரம்பாத பிள்ளையை ஆலை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அதைத் தாண்டத்தான் எட்டு வயதுக் குழந்தைக்குப் பொய் பழக்கினார்கள். கிழவரின் கள்ளமின்மை முதுமையில் நினைவாக மிஞ்சியது. அக்காவுடையது முதல் வேலைநாளிலேயே பிடுங்கப்பட்டது. புறநானூற்றைத் தொகுத்தவர்கள் இந்தப் பாட்டைக் கையறுநிலைத் துறையில் வைத்தார்கள். இறந்துபோனவரை நினைத்துக் கலங்கும் துறை அது. இளமை போனதை ஒரு சாவாகவே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. எங்கள் ஊரில் அந்தச் சாவுக்கு யாரும் அழவில்லை. சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டோம். என் பரீட்சைக் கட்டணம் அந்தச் சம்பளத்தில்தான் கட்டப்பட்டது.

பின்னாளில் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது. 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தை எடுத்தார். கரிசல் எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' படத்தை இயக்கினார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குழந்தையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016-இன் திருத்தம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள் சார்ந்த அபாயத் தொழில்களில் பதினெட்டு நிரம்பாத யாரையும் வைக்கக்கூடாது என்றது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போன விருதுநகர்ப் பிள்ளை காமராஜர். முதலமைச்சராகி அவர் மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த மண்ணில், இத்தனை சட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

அக்காவின் பெண் கல்லூரி வரை படித்தாள். அந்தக் குடும்பத்தில் வயதை மாற்றிச் சொல்லத் தேவைப்படாத முதல் பெண் அவள்.

இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அருஞ்சொற்பொருள் சொல்லி முடித்ததும், இப்போது வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகள் யார் யார் என்று மாணவர்களிடம் விசாரியுங்கள். ஆலையிலோ வீட்டுத் திண்ணையிலோ மருந்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வேலை செய்வது தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். நாடு முழுதும் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது.