ரிஜிஸ்டர் தப்பாத கை

என் மேசையில் இருக்கும் குறிப்பேட்டின் அட்டையில் ஒரு மரம். அதன் கிளைகளுக்கு ஊடே ஒரு மீன் போகிறது. மீனின் வால் முடியும் இடத்தில் ஏதோ விலங்கின் கால்கள் தலைகீழாகத் தெரிகின்றன. ஓவியர் யாரும் உட்கார்ந்து யோசித்து இப்படி வரையவில்லை. திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகம் ‘ஃப்ளூக்புக்’ என்ற பெயரில் கொண்டுவந்த குறிப்பேடு இது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சைத் தொடங்கும் முன்பு மை சீராக இறங்குகிறதா, படம் உரிய இடத்தில் விழுகிறதா என்று சில தாள்களில் ஓட்டிப் பார்ப்பார்கள். நல்ல தாளை வீணாக்க வேண்டாமென்று அதே தாளை அடுத்த படத்துக்கும் எடுப்பார்கள், அதற்கடுத்த படத்துக்கும் எடுப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படங்கள் ஏறிக்கொண்டே போகும். பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிருக்க வேண்டிய தாள்கள்தான் இங்கே அட்டையாகியிருக்கின்றன. எந்த இரண்டு பிரதியும் ஒன்றாக இருக்காது.

டைரியை அலங்கரிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி அடுக்கடுக்காக ஏறிய பக்கம் என்றால் உயிர். ஜர்னலிங் என்கிறார்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் எனக்குத் தெரிந்த கல்லூரிப் பெண்கள் பலர் அப்படியொரு நோட்டு வைத்திருக்கிறார்கள். வாட்டர்கலரை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு, அது காய்ந்ததும் கிழித்து ஒட்டிய செய்தித்தாள் துண்டு, அதன் மேல் மாட வீதியில் வாங்கிய பூவின் உலர்ந்த இதழ், பறக்கும் ரயில் டிக்கெட், ஓரத்தில் வாஷி டேப். பாண்டி பஜாரிலேயே வாஷி டேப் கிடைக்கிறது.

அந்த டேப்புக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஜப்பானின் குராஷிகி நகரில் காமோய் காகோஷி என்ற நிறுவனம், பெயின்ட் அடிக்கும்போது ஓரங்களை மறைத்து ஒட்டும் மாஸ்கிங் டேப்பைச் செய்துவந்தது. 2006-ல் டோக்கியோவைச் சேர்ந்த சில பெண்கள் அந்த டேப்பைப் பற்றித் தாங்களே கையால் செய்த சிறு புத்தகத்தை அனுப்பி, தொழிற்சாலையைச் சுற்றிப்பார்க்க அனுமதி கேட்டார்கள். அந்தத் தொடர்பிலிருந்து பிறந்தவைதான் வண்ண வண்ணமான அலங்கார டேப்புகள். கையில் இருக்கும் பொருள் எங்கே, யாரால் செய்யப்படுகிறது என்று போய்ப் பார்க்க அவர்களுக்குத் தோன்றியதே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். எனக்கும் அதே ஆசைதான். தாளின் மேல் அடுக்கடுக்காக மை ஏற்றுவதே பிழைப்பாக இருப்பவர்களைப் பார்க்க வேண்டும்.

கலையையும் கைத்தொழிலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, அதற்குக் கைகொடுத்தது ஓவியர்கள் செய்து விற்ற பாத்திக் துணி. படம் விற்கும்வரை காத்திருந்தால் அடுப்பு எரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் கட்டங்களும் எழுத்துக் கிறுக்கல்களும் ஜாதகக் குறிப்பு போன்ற கோடுகளும் நிறைந்திருக்கும். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் அந்த வழியைக் காட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தாரா புக்ஸை கீதா வுல்ஃப் 1994-ல் தொடங்கினார். தொண்ணூறுகளின் நடுவில், இந்திரபிரமித் ராய் வார்லி பாணியில் படம் வரைந்த ஒரு சிங்கக் கதையைக் கைத்தாளில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். கனடாவிலிருந்து வந்த ஒரு பதிப்பாளர் அதே மாதிரி, அதே கைவேலையில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் கேட்டுவிட்டார். மாதிரியாக ஒன்று செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் செய்வது வேறு. சி. ஆறுமுகத்தின் தலைமையில் கைவினைஞர்கள் அதைச் செய்து முடித்தார்கள். ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் என்ற பட்டறை வளர்ந்தது இப்படித்தான். கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோரின் மரங்களைக் கறுப்புக் கைத்தாளில் அச்சிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2006-ல் வந்தது. 2008-ல் போலோன்யா குழந்தைகள் புத்தகச் சந்தையின் ரகாஸி விருதைப் பெற்றது. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் மை வாசனைதான் வரும்.

நான் போய் உட்கார்ந்தது இவ்வளவு பேர் வாங்கிய இடத்தில் அல்ல. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், கீழே அச்சு, மாடியில் பைண்டிங் என்று இயங்கும் சின்னப் பட்டறை. கல்யாணப் பத்திரிகை, துணிப்பை, கடைப் பெயர் போட்ட உறை என்று எதையும் அடிப்பார்கள். இப்போது தி. நகர்க் கடை ஒன்றுக்கு நோட்டுகள் தயாராகின்றன. அட்டையில் வாழைப்பூ. மூன்று வண்ணம்.

வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன். மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் வலைத்துணி. அந்தக் காலத்தில் இது பட்டுத் துணி. எமல்ஷனில் பைக்ரோமேட்டைக் கலந்து, இருட்டறையில் வலையின் மேல் பூசி, காயவைத்து, படத்தின் பாசிட்டிவை வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படம் மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து போகும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மை இறங்கும். பைக்ரோமேட் தோலை அரிக்கும். பல வருடம் கையுறை இல்லாமலேயே இதைக் கலக்கியிருக்கிறார் இங்கே அச்சடிப்பவர். இப்போது போட்டுக்கொள்கிறார். விரல் நுனிகளில் பழைய வெடிப்புகள் அப்படியே இருக்கின்றன. கையால் செய்த பொருள் என்று சிலாகிக்கும்போது அந்தக் கைக்கு என்ன ஆனது என்பதையும் கேட்க வேண்டும்.

மேசையில் ஸ்கிரீனை இறக்கி, மையை ஒரு ஓரத்தில் ஊற்றி, ஸ்குவீஜியின் ரப்பர் விளிம்பைச் சாய்த்து வைத்து ஒரே இழுப்பு. ஸ்கிரீனைத் தூக்கினால் தாளில் வாழைப்பூவின் மடல் மட்டும், வெளிர் மஞ்சளில். பக்கத்தில் நிற்கும் பையன் தாளை எடுத்துக் கம்பி ரேக்கில் காயப்போடுகிறான். அடுத்த தாள். வண்ணம் முழுவதும் முடிந்து காய்ந்த பிறகுதான் இரண்டாவது ஸ்கிரீன். தாளை வைக்க மேசையில் அட்டைத்துண்டுகளை மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தாளும் அந்த மூன்றையும் தொட்டு நிற்க வேண்டும். நின்றால்தான் இரண்டாம் வண்ணம் முதல் வண்ணத்தின் மேல் சரியாக உட்காரும். இதற்கு ரிஜிஸ்டர் என்று பெயர். பட்டறையில் காலையிலிருந்து மாலைவரை கேட்ட வார்த்தை அதுதான்.

அச்சடிப்பவர் ஒரு தாளை எடுத்து என் கண்ணருகே நீட்டினார். “இங்க பாருங்க மேடம், மடலுக்கும் காம்புக்கும் நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? அரை மில்லி. இது ரிஜிஸ்டர் அவுட்.” அவர் விரலை வைத்துக் காட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அந்தத் தாள் தனியே போய்விட்டது. கோடு விழாமல் இருக்க மஞ்சளை மயிரிழை அகலம் பெரிதாகவே எடுக்கிறார்கள். அடுத்து வரும் அரக்கு நிறம் அதன் விளிம்பின் மேல் ஏறி மூடிக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் பாரம் தெரியும். முழுக்க ஸ்கிரீன் பிரிண்டில் 32 பக்கப் புத்தகம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தாளின் ஒரு முகத்தில் நான்கு பக்கம் என்றால் நான்கு தாள், எட்டு முகம். மூன்று வண்ணத்துக்கு ஒரு பிரதிக்கு 24 இழுப்பு. ஆயிரம் பிரதிக்கு 24,000. அத்தனை முறையும் அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். கை தளர்ந்தால் மை திட்டாகும், கூடினால் ஓரம் கசியும்.

“கடைக்காரங்க சொல்றாங்க, கைவேலைன்னா ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் முன்னபின்ன இருக்கணும், அதுதான் அழகுன்னு,” என்றார். “அப்படி வேலை செஞ்சிருந்தா என் மாஸ்டர் என்னிக்கோ என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு மேடம்.”

இதைத்தான் நான் இந்தப் பட்டறையில் தெரிந்துகொண்டேன் என்று சொல்வேன். நாம் கைப்பொருளில் தேடிப்பிடித்து ரசிக்கும் சிறு வேறுபாட்டை, செய்பவர் நாள் முழுக்க ஒழிக்கப் பார்க்கிறார். ஒழித்த பிறகும் எஞ்சுவது எதுவோ அதுதான் கையின் அடையாளம். வேண்டுமென்றே கோணலாக அடித்து, ‘கைவேலை’ என்று முத்திரை குத்தி விற்கும் நோட்டுகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் கையும் இல்லை, வேலையும் இல்லை. ஃப்ளூக்புக் அட்டையில் மீனும் மரமும் மோதும் இடம் அழகாக இருப்பதற்குக் காரணம், மீன் தனியாகவும் மரம் தனியாகவும் பிசிறில்லாமல் விழுந்திருப்பது. ஒவ்வொரு அடுக்கையும் துல்லியமாக வைக்கத் தெரிந்தவர் கையிலிருந்துதான் அப்படியொரு தற்செயல் கிடைக்கும். டைரி அலங்கரிக்கும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியதும் இங்கே இருக்கிறது. முதல் அடுக்கு காயும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். பட்டறையில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போகிறது.

காத்திருப்பின் நீளத்தைத் தீர்மானிப்பது சென்னையின் வானம். மே மாத வெயிலில் மை வலையிலேயே காய்ந்து அதன் கண்களை அடைத்துவிடும். மையை இளக்கும் ரிட்யூசரில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை தலைகீழ். ரேக்கில் தாள் காயவே காயாது. தவிர, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாள் துளி விரியும். நேற்று மஞ்சள் அடித்தபோது இருந்த அளவு இன்று அரக்கு அடிக்கும்போது இருக்காது. கைத்தாள் என்றால் கேட்கவே வேண்டாம். பருத்திக் கழிவிலிருந்து செய்த அந்தத் தாளுக்கு ஈரம் குடிக்கும் குணம் அதிகம். மழைக்காலத்தில் அச்சடித்த கட்டுகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைத்து, வானம் வெளுத்த பிறகே பிரிக்கிறார்கள்.

மாடியில் பெண்கள். மடிப்பது, அடுக்குவது, தைப்பது எல்லாம் அவர்கள்தான். மூத்தவர் ஒருவர் சுவரோரம் சம்மணமிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரத்தின் மடிப்புக்குள் ஊசி நுழைந்து வெளியே வந்து, நாடாவைச் சுற்றி, மறுபடி நுழைகிறது. ஓரத்துக்கு வந்ததும் கீழே இருக்கும் பாரத்தின் நூலில் கோத்து ஒரு முடிச்சு. நூலை மேல்நோக்கி இழுக்காமல் பாரத்தின் போக்கிலேயே பக்கவாட்டில் இழுத்தார். மேலே இழுத்தால் தாள் கிழிந்துவிடும் என்றார். பக்கத்தில் பசைச் சட்டி. மைதாவைக் காய்ச்சும்போதே துளி மயில்துத்தம் போட்டுவிடுகிறார்கள், பூச்சி அண்டாது.

இந்த நோட்டுகளில் இரண்டு பாரத்துக்கு இடையில் விரல் அகலத்தில் அட்டைப் பட்டி ஒன்றைச் சேர்த்துத் தைப்பதைக் கவனித்தேன். எதற்கென்று கேட்டேன்.

“உங்க பொண்ணுங்க பூ, சீட்டு, துணின்னு என்னென்னமோ ஒட்டுதுங்களே கண்ணு, நோட்டு உப்பிக்கும். முதுகு வெடிச்சிடும். முதுகுல இடம் விட்டு வச்சா, ஒட்ட ஒட்டத் தாங்கும்,” என்றார். பிறகு ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, கையால் ஒரு புத்தகம் திறக்கும் அகலத்தைக் காட்டினார். “அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பத்துல போட்டோமே, அதே பட்டிதான்.”

கல்யாண ஆல்பங்கள் அச்சுக்கூடங்களின் டிஜிட்டல் புத்தகங்களாகிவிட்டன. பத்திரிகைகள் வாட்ஸ்அப்பில் போகின்றன. இந்தப் பட்டறையின் பழைய வருமானம் இரண்டும் சுருங்கிப்போன நேரத்தில்தான் ஜர்னலிங் நோட்டு வந்து சேர்ந்திருக்கிறது. ஆல்பம் தைத்த கை அதே பட்டியை வைத்து இதைத் தைக்கிறது. ஆனால் தையலுக்குக் கூலி பாரக் கணக்கில்தான். மழையால் அச்சு நின்றால் மாடியிலும் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். கடையில் நோட்டுக்குப் போடும் விலைக்கும் இந்த மாடிக்கு வந்துசேரும் பணத்துக்கும் உள்ள தூரம் என்னை உறுத்துகிறது. வாங்குபவர்கள் பேரம் பேச வேண்டிய இடம் இது அல்ல.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1867-ல் வந்த அச்சகச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் இருக்க வேண்டும் என்றது. அச்சடித்தவர்களைக் கண்காணிக்க ஆங்கிலேய அரசு போட்ட சட்டம்தான். ஆனாலும் அதன் புண்ணியத்தில் பழைய தமிழ்ப் புத்தகம் எதைத் திறந்தாலும் அச்சுக்கூடத்தின் பெயரும் தெருவும் கிடைக்கும். 2023-ல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டம் பருவ இதழ்களோடு நின்றுகொண்டது. வெற்றுத்தாள் நோட்டுக்கோ எந்த நாளிலும் எவர் பெயரும் தேவைப்பட்டதில்லை. கடையின் பெயர் இருக்கும், ஓவியரின் பெயர் சில சமயம் இருக்கும். அச்சடித்தவர், தைத்தவர் பெயர் இருக்காது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போதும். ஸ்கிரீன் ஏற்கெனவே மேசையில் இருக்கிறது, கூடுதல் செலவு என்று ஒன்றும் இல்லை. நோட்டு வாங்கும் பிள்ளைகள் கேட்டால் கடைக்காரர்கள் போடுவார்கள் என்றே நம்புகிறேன்.

கீழே அச்சடிப்பவரிடம் இதைச் சொன்னேன். ஸ்குவீஜியைத் துடைத்தபடியே யோசித்தார். “பேர் போட்டா, அவுட் ஆன தாள் ஒண்ணு போனாலும் என் பேர்லதானே போகும் மேடம்,” என்றார். சற்றுப் பொறுத்து, “போடட்டும். பார்த்து அடிச்சுக்கலாம்,” என்றார்.

மாடியில் அந்த அம்மாவிடமும் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. “இனிஷியலோட போடச் சொல்லு கண்ணு. இந்தத் தெருவுலயே என் பேர்ல மூணு பேர் இருக்காங்க.”