பத்தாம் வகுப்பு போதும்

ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மந்திர் படிகளில் நம்மவர் கூடும்போது, அர்ச்சனைத் தட்டு கையை விட்டு இறங்குமுன்பே எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு: "பெண் என்ன செய்கிறாள்?" இரண்டு ஆண்டுகளாய் இக்கேள்விக்கு நாம் தடுமாறியே விடை கூறி வருகிறோம். "வானூர்திப் பொறியியல் முடித்து வேலையில் இருக்கிறாள்" என்பதுவரை நம் குரல் கணீரென்றிருக்கும். என்ன வேலை என்று அடுத்த கேள்வி பிறக்கும்போதுதான் சங்கடம். "ட்ரோன் பறக்க விடுகிறாள்" என்றதும், கேட்டவர் முகத்தில் ஒரு கல்யாண வீட்டுப் படப்பிடிப்புத் தோன்றி மறைவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

நாம் மத்திய அரசில் எழுத்தராய்ச் சேர்ந்தது 2002-ல். பள்ளிப் படிப்பே போதும் என்றிருந்த அப்பதவிக்குப் பி.ஏ. பட்டத்தைச் சுமந்துகொண்டு வந்தவர்களில் நாமும் ஒருவர். வரலாற்றில் பெற்ற அப்பட்டம் இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு கோப்பிலாவது நமக்குக் கைகொடுத்ததாய் நினைவில்லை. ஆகவேதான் மகளுக்குப் பயன்படும் பட்டமாய் வாங்கித்தர வேண்டுமென்று, சேமநல நிதியில் கைவைத்தும் கல்விக்கடன் பெற்றும், 2019-ல் தமிழகத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அவளைச் சேர்த்தோம். அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. பெட்டி படுக்கையோடு டில்லி திரும்பியவள், ஆய்வுக்கூடங்களை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அலைபேசித் திரையில் கண்டாள். இடையில் அதிர்வியல் தாளில் ஓர் அரியர் வேறு. அதற்காக நாம் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் நாணமாயிருக்கிறது.

2023-ல் படிப்பு முடிந்தது. கைக்கு வந்த மென்பொருள் வேலையை வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஹரியானாவில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களைச் செய்யும் சிறு நிறுவனமொன்றில் பறப்புச் சோதகராய்ச் சேர்ந்தாள்.

விதிகளைப் படிப்பது நம் தொழில். எனவே 2021 ஆகஸ்டில் அரசிதழில் வந்த ட்ரோன் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுதும் படித்தோம். தொலைவிலிருந்து ஊர்தியைச் செலுத்தச் சான்றிதழ் பெற, பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும்; பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும்; அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்றிருக்க வேண்டும். அவ்வளவே. அதோடு நின்றதா? ஆராய்ச்சிக்கும் சோதனைக்குமாகத் தயாரிப்பாளர் தம் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில், பசுமை மண்டலத்தில் பறக்கவிடும்போது அந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை என்று மற்றொரு விதி சொல்லிற்று. அப்படியானால் நம் மகள் செய்யும் வேலைக்குச் சட்டப்படி பத்தாம் வகுப்புக்கூடத் தேவையில்லை! நம் இல்லாளிடம் இதை நாம் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்த மகன் நம் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டான். "அக்கா வேலைக்கே டிகிரி வேண்டாமாம். எனக்கு மட்டும் எதுக்குப்பா நாலு வருஷம்?" என்றான். நமக்கு விடை தெரியவில்லை.

2025 பிப்ரவரியில் ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு அவள் வேலை செய்யும் களத்திற்குப் போனோம். சுற்றிலும் கோதுமைப் பச்சை; ஓரங்களில் கடுகுப் பூவின் மஞ்சள். நடுவே ஒரு கட்டாந்தரை. போனவுடன், "அப்பா, ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்துங்க. பக்கத்துல இரும்பு இருந்தா திசைகாட்டி பிசகிடும்" என்றாள். ஆறு கைகள் விரித்து, வயிற்றில் பத்து லிட்டர்த் தொட்டியோடு தரையில் கிடந்தது ஊர்தி. மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர். மின்கலத்தின் ஒவ்வோர் அறையும் 4.2 வோல்ட் காட்டுகிறதா, விசிறிகளில் எவை வலமாய் எவை இடமாய்ச் சுழலவேண்டும், எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று ஓர் அட்டையை வைத்துக்கொண்டு வரிசையாய்ப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறோம், என்ன நடக்க வேண்டும், எது நடந்தால் உடனே இறக்கிவிட வேண்டும் என்று அந்த அட்டையில் முன்கூட்டியே எழுதியிருந்தது. நம் அலுவலகத்தில் ஒரு குறிப்புரைகூட இத்தனை ஒழுங்காய் எழுதப்படுவதில்லை.

ஊர்தி உயரே நின்றுகொண்டிருந்தபோது, கையிலிருந்த கட்டுப்படுத்தியை வேண்டுமென்றே அணைத்தாள். நமக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அது சற்றுத் தயங்கிற்று. பின் மேலே ஏறிற்று. தானாகத் திரும்பிப் புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கிற்று. தொடர்பு அறுந்தால் என்ன செய்யும் என்பதற்கு அதுதான் சோதனையாம். நன்றாய்ப் பறக்கிறதா என்று பார்ப்பது வேலையில் சிறுபகுதி; எப்படியெல்லாம் கெடும் என்று தேடித் தேடிக் கெடுத்துப் பார்ப்பதே பெரும்பகுதி என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று.

அவளோடு உதவிக்கு ஓர் இளைஞன். அந்த வட்டாரத்துக் கிராமத்தான். பத்தாம் வகுப்போடு நின்றவன். நம்மை 'அங்கிள்' என்றும் அவளைத் 'தீதி' என்றும் அழைத்தான். தேநீர் வேளையில் அவன்தான் அந்தக் கதையைச் சொன்னான். தொட்டி நிறைந்திருந்தால் ஊர்தி ஒழுங்காய் நிற்கிறது; காலியாயிருந்தாலும் நிற்கிறது. பாதித் தண்ணீரில் ஓடவிட்டு நிறுத்தினால் மட்டும் முன்னும் பின்னுமாய் ஆடுகிறது. மோட்டாரில் கோளாறு என்றார் ஒருவர். கட்டுப்பாட்டு நிரலைத் திருத்தவேண்டும் என்றார் மற்றொருவர். இவன், தன் தந்தை டிராக்டரில் தண்ணீர் டாங்கர் இழுப்பவர் என்றும், பாதி நிறைந்த டாங்கர் பிரேக் போட்டதும் முதுகில் தள்ளுவது போலவே இதுவும் தள்ளுகிறது என்றும் சொல்லியிருக்கிறான். சிரித்தார்களாம்.

நம் மகள் சிரிக்கவில்லை. பறப்பின்போது ஊர்தி நொடிதோறும் தன் சாய்வைப் பதிந்து வைக்கிறது. அந்தப் பதிவை விரித்து, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தாள். தொட்டியின் நீளத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் கொண்டு, அத்தண்ணீர் அலையடித்தால் ஓர் அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகுமென்று தாளில் கணக்கிட்டாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாய் வந்தன. தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடு வைத்ததும் ஆட்டம் அடங்கிவிட்டது. அவன் முதுகு அறிந்ததை அவள் தாளில் மெய்ப்பித்தாள். தாளில் இருந்தால்தானே வகைச் சான்றிதழுக்கு ஊர்தியைச் சரிபார்ப்பவர்களிடம் கொடுக்க முடியும்? முதுகைக் கொடுக்க முடியாதல்லவா!

"எந்தப் பாடம் அது?" என்றோம். "அரியர் வெச்சேனே, அதேதான்" என்றாள்.

ஸ்கூட்டரில் திரும்பும் வழியில், ஒரு சூத்திரத்துக்கு நான்கு ஆண்டா என்று கேட்டுவிட்டோம். "எந்தச் சூத்திரம் வேண்டியிருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா நாலு வருஷம் வேண்டாம்ப்பா" என்றாள். பதில் அழகாய்த்தான் இருந்தது. ஆனாலும் அப்பட்டத்துக்கு நாம் கொடுத்த விலை நியாயமென்று நம் வாயால் சொல்ல இன்றும் வரவில்லை. அவளோடு படித்தவர்களில் பலர் மென்பொருளுக்குப் போய்விட்டார்கள். அந்த அதிர்வியலை அவர்கள் மறந்திருப்பார்கள், நாம் நம் வரலாற்றை மறந்ததுபோல. ஓரிருவர் எழுத்தர் தேர்வு எழுதுகிறார்களாம். மேலும் அந்த இளைஞனுக்கும் இவளுக்கும் மாதச் சம்பளத்தில் பெரிய வேறுபாடில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. கடன் இன்னும் ஐந்தாண்டுக்கு இருக்கிறது.

மகனிடம் இதையெல்லாம் சொன்னோம். தேர்வு முடிந்ததும் பத்து நாள் அக்காவோடு களத்துக்குப் போய்வரச் சொன்னோம். முகம் கறுத்துத் திரும்பினான். பொறியியல் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டால், யோசிக்கிறேன் என்கிறான். நாமும் வற்புறுத்தவில்லை. இதற்கிடையே ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஹரியானா இளைஞன் பேருந்து மாறி மாறி நம் வீட்டுக்கு வருகிறான். பாலிடெக்னிக்கில் சேரப் போகிறானாம். 'தீதி'யிடம் முக்கோணவியல் கற்றுக்கொள்கிறான். மேசையின் மறுகோடியில் நம் மகன், தன் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அவனுக்கு சைன், காஸ் அட்டவணை போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.